செஸிமுக்கு என்ன தெரியும்

தாஷ்-கெச்சூ
11 மார்ச் 2018

கனிஷாய்க்கு,

உன் குரல் என் காதில் விழக்கூடாது என்று போன வருஷம் ரொட்டியின் மேல் கை வைத்துச் சத்தியமாகச் சொன்னேன். அது அப்படியே நிற்கிறது. உன் எழுத்து என் கண்ணில் படக்கூடாது என்று சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் காகிதம். மாஸ்கோவுக்கு ஆள் ஏற்றிப் போகும் எர்மெக்கின் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். பதிலும் அவன் கையிலேயே வரட்டும். பக்கத்து வீட்டு சோனுன்புபூவுக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொன்னாலும் வரமாட்டேன். பெற்ற மகளை என்னிடம் போட்டுவிட்டுப் போனவள், "ஆட்டுக்குட்டி மாதிரி கட்டிப்போட்டு வளக்குறீங்க அத்தை" என்று போனில் சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

உன் மகள் நன்றாக இருக்கிறாள். தின்கிறாள், தூங்குகிறாள்.

விஷயம் இதுதான். போன செவ்வாய்க்கிழமை வட்டாரப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் வந்தாள். பெயர் மீரிம். கல்யாணம் ஆகாதவள், ஒல்லியானவள், செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தாள். செஸிம் போன்ற பிள்ளைகளுக்காகச் செப்டம்பரில் ஒரு வகுப்பு திறக்கிறார்களாம். மொத்தம் ஆறு இடம். பதினேழு பிள்ளைகளின் பெயர் இருக்கிறதாம். ஏப்ரல் இருபதாம் தேதி ஒரு குழு உட்கார்ந்து யார் யார் என்று முடிவு செய்யுமாம். அதற்கு முன்னால் பெற்றவர்கள் ஒரு காகிதம் எழுதித் தரவேண்டுமாம்.

"ரெண்டே கேள்விதான் பாட்டி. செஸிமுக்கு என்னென்ன நல்லா வருது? இன்னும் ஒரு வருஷத்துல அவ என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?"

"பெத்தவங்க எழுதணும்னா பெத்தவங்களைத் தேடிப் போம்மா. ஒருத்தி மாஸ்கோவுல இருக்கா. ஒருத்தன் ரஷ்யாவுல எங்கேயோ இருக்கான்."

"நீங்கதானே வளக்குறீங்க? நீங்களே எழுதலாம்."

காகிதத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் எழுதமாட்டேன். பிள்ளைக்கு இது வரும் அது வரும் என்று எழுதி, முத்திரை குத்தி, அலமாரியில் வைத்து, வருகிறவன் போகிறவன் எல்லாம் எடுத்துப் பார்க்கவா? ஒரு தடவை பட்டது போதாதா?

2010, மே ஒன்பது. செஸிம் நடக்கத் தொடங்கி, கால்கயிறு வெட்டும் நாள். கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றைக் காலில் கட்டி நிறுத்தியிருக்கிறோம். அதை முதலில் வெட்டப் பிள்ளைகள் போட்டி போட்டு ஓடிவருகின்றன. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது உன் அக்கா சாய்ரா, பச்சைப் பட்டு முக்காடு போட்டிருந்தாள், சத்தமாகச் சொன்னாள்: "அடேயப்பா, இவ ஓடுறதுக்கு முன்னாடி பாட்டே பாடிருவா போலிருக்கே!" துப்பவில்லை. கண் படாமலிருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோடையில் பிள்ளை பதினோரு வார்த்தை பேசினாள். தண்ணீர், ரொட்டி, குதிரை, பூனை, நிலா, வா, வேண்டாம், இன்னும், செருப்பு, அம்மா, புபூ. பனி விழுவதற்குள் பதினொன்றும் போய்விட்டது. சாய்ரா இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

வேண்டுமானால் நீ எழுதி அனுப்பு. உன் பாவம் உன்னோடு.

புருல்ச்சா

*

மாஸ்கோ
20 மார்ச் 2018

அத்தைக்கு, இங்கிருந்தே குனிந்து வணங்குகிறேன்.

உங்கள் கடிதத்தை எர்மெக் அண்ணன் பஸ் நிலையத்தில் கொடுத்தார். "உங்க மாமியார் கையெழுத்து கோழி நடந்த மாதிரி இருக்கு, ஆனா கோபம் நல்லாத் தெரியுது" என்று சிரித்தார். அங்கேயே நின்று மூன்று முறை படித்தேன். போன வருஷம் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள். அன்றைக்கே கேட்டிருப்பேன், நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள்.

ஆறு இடம், பதினேழு பிள்ளைகள் என்றால் மூன்றில் ஒன்று. அத்தை, இந்த ஐந்து வருஷத்தில் செஸிமுக்கு என்று யாராவது ஒரு நாற்காலி போடுவது இதுதான் முதல் முறை.

நான் இங்கே ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இருக்கிறேன். ஓர் அறையில் ஒன்பது பெண்கள். அவர்களில் ஒருத்தி ஊரில் டீச்சராக இருந்தவள், கூட உட்கார்ந்து எழுத உதவினாள். இதை அப்படியே உங்கள் கையால் அந்தக் காகிதத்தில் எழுதுங்கள்.

செஸிமுக்கு நன்றாக வருவது: வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் யார் வண்டி என்று தெரிந்துகொண்டு ஓடுவாள். தலை வாரிவிட்டால் அசையாமல் உட்காருவாள், சீப்பை அவளே எடுத்துவருவாள். பாட்டுப் பாடினால் கூடவே முனகுவாள். மடியில் வைத்தால் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். சேவலைக் கண்டால் பயம், மற்றபடி எதற்கும் அழமாட்டாள்.

ஒரு வருஷத்தில் நாங்கள் ஆசைப்படுவது: அவள் அம்மா என்று சொல்ல வேண்டும்.

அவரைப் பற்றிக் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகன் நலமாக இருக்கிறார்.

ஒரே ஒரு முறை எனக்காக இதைச் செய்யுங்கள் அத்தை. இனி எதுவும் கேட்கமாட்டேன்.

கனிஷாய்

*

தாஷ்-கெச்சூ
4 ஏப்ரல் 2018

கனிஷாய்க்கு,

நீ எழுதி அனுப்பிய பிள்ளை யாரென்று எனக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் அப்படி ஒருத்தி இல்லை.

வண்டிச் சத்தத்துக்கு ஓடுகிறாளாம். நீ போன பிறகு ஒன்றரை வருஷம் ஓடினாள். ஒவ்வொரு தடவையும் வாசல்வரை போய், இறங்குகிறவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். அப்புறம் நின்றுவிட்டது. இப்போது வீட்டுக் கூரையில் வண்டி ஏறினாலும் திரும்பமாட்டாள். சீப்பைக் கண்டால் கடிக்கிறாள், முடியை நான் கத்திரித்துவிட்டேன். முனகல் போய்விட்டது. மடியில் உட்காரும் வயதா? ஒன்பது முடிந்துவிட்டது, என் தோள் உயரம். சேவலை அவளேதான் இப்போது கூண்டில் அடைக்கிறாள். நீ நாலு வயதுப் பிள்ளையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டாய். பொய்யை என் கையால் எழுதமாட்டேன்.

அவள் பண்ணுகிற அட்டூழியம் உனக்கு எங்கே தெரியும்! குறி பார்க்க நான் வைத்திருக்கும் அவரைக்கொட்டைகள் நாற்பத்தொன்று. அதை எடுத்துத் துணியில் கொட்டுகிறாள். மூன்றாகப் பிரிக்கிறாள், நாலு நாலாகத் தள்ளுகிறாள், நான் செய்வதுபோலவே, என்னைவிட வேகமாக. ஒருநாள் ஒரு கொட்டை குறைந்துவிட்டது. எண்ணவேயில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். கத்திக் கத்தி வீட்டைத் தலைகீழாக்கி, கம்பளத்துக்கு அடியிலிருந்து அதை எடுத்தபிறகுதான் அடங்கினாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அவரவர் போன தடவை குடித்த கோப்பையைத்தான் வைப்பாள். சோனுன்புபூவின் அண்ணன் இரண்டு வருஷம் கழித்து வந்தான். அவனுக்கும் விளிம்பு உடைந்த நீலக் கோப்பை! என் மானம் போயிற்று.

இதைவிடக் கேள். டீயை அவள்தான் ஊற்றுகிறாள். விருந்தாளி இருக்கவேண்டும் என்றால் பாதிக் கோப்பை, போகலாம் என்றால் விளிம்புவரை, அது நம் வழக்கம். யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. சோனுன்புபூ வந்து உட்கார்ந்து ஊர்வம்பை ஆரம்பித்தாள். செஸிம் இரண்டாவது கோப்பையை விளிம்பு தளும்ப ஊற்றி அவள் முன்னால் வைத்துவிட்டாள்.

"உன் பேத்தி என்னைத் துரத்துறா புருல்ச்சா!"

"அதுக்கு என்னடி தெரியும், அது ஒரு களிமண்ணு" என்று சமாளித்தேன். அந்த டீச்சருக்கு மட்டும் மூன்று தடவையும் பாதிக் கோப்பை.

இதையெல்லாம் எழுதவா காகிதத்தில்? எழுதினால் இதுவும் போகும்.

புருல்ச்சா

*

மாஸ்கோ
11 ஏப்ரல் 2018

அத்தை,

இதைத்தான்! இதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்! நீங்கள் அட்டூழியம் என்று எழுதிய ஒவ்வொன்றையும் அப்படியே அந்தக் காகிதத்தில் எழுதுங்கள். அவரைக்கொட்டை, நீலக் கோப்பை, விளிம்புவரை டீ, எல்லாம். நான் அனுப்பியதைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். என் மகளை எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

மீரிம் டீச்சருக்குப் போன் செய்தேன். "காகிதம் இல்லேன்னா அவங்க பிள்ளையை அடுக்கச் சொல்ற மரக்கட்டையை வச்சு மட்டும்தான் முடிவு பண்ணுவாங்க அக்கா. புது ஆளுங்க முன்னாடி செஸிம் கட்டையைத் தொடமாட்டா" என்றாள். எர்மெக் அண்ணன் பதினெட்டாம் தேதி ஊரில் இருப்பேன் என்கிறார். இரண்டு நாள் இருக்கிறது.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அதைவிடப் பெரிய பயம் எனக்கு உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கயிறு வெட்டிய அன்று சாய்ரா அக்கா ஒரு தடவைதான் சொன்னாள். நான் அந்தப் பிள்ளையை விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அவள் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் கிணற்றடியில் போய்ச் சொன்னேன். பேச்சுப் போனபிறகு ஒருநாள் நீங்கள் மாவு பிசைந்துகொண்டே, "பெத்தவ பார்வையும் படும்" என்றீர்கள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அறையில் வேறு யாரும் இல்லை.

நான் வேலைக்காக மட்டும் பஸ் ஏறவில்லை அத்தை. என் கண் எட்டாத இடத்தில் இருந்தால் அவளுக்குப் பேச்சுத் திரும்ப வருமோ என்று நினைத்தேன். ஐந்து வருஷமாக அவள் போட்டோவைக்கூட ஒரு நொடிக்குமேல் பார்ப்பதில்லை. வரவில்லையே. அப்படியானால் அது கண் இல்லை. வேறு ஏதோ. கண்தான் என்றாலும், இத்தனை தூரத்தில் நான் இருக்கிறேன், நெற்றியில் கரி பூசுங்கள், தாயத்துக் கட்டுங்கள், எழுதிவிடுங்கள்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

கனிஷாய்

*

தாஷ்-கெச்சூ
23 ஏப்ரல் 2018

கனிஷாய்க்கு,

எர்மெக்கின் பஸ் கசாக்கியப் புல்வெளியில் அச்சு முறிந்து மூன்று நாள் நின்றுவிட்டது. உன் கடிதம் இருபத்தொன்றாம் தேதி என் கைக்கு வந்தது. குழு இருபதாம் தேதி முடிந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். வேறு யாராவது மாற்றிச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் தலைநகரிலிருந்து வந்த ஒரு ரஷ்யக்காரி, வெளிர்நீலக் கண், இமைக்காமல் பிள்ளையையே பார்த்தாள். ஓரத்தில் நம் ஆள் ஒருவன், டாக்டர். மற்ற மூவரும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். மரக்கட்டையை வைத்தார்கள். செஸிம் தொடவில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மீரிம் கதவோரம் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். அந்த ரஷ்யக்காரி கேட்டாள், டாக்டர் நம் மொழியில் சொன்னான்:

"பெற்றோர் காகிதம் காலியா இருக்கே. வாயாலயாவது சொல்லுங்க. குழந்தைக்கு என்ன நல்லா வரும்?"

அந்த நீலக் கண் என் பேத்தியின் மேல் இருந்தது. என் வாய் தானாகவே சொல்லிற்று:

"ஐயோ, என்னத்தைங்க சொல்றது! ஒண்ணுத்துக்கும் ஆகாது. களிமண்ணு. ரொட்டி திங்க மட்டும்தான் தெரியும்."

நம் வீடுகளில் எந்தப் பிள்ளையை யார் கேட்டாலும் இதைத்தானே சொல்வோம்? உன் புருஷனைத் தொட்டிலில் வைத்துக்கொண்டு இருபது பேரிடம் குரங்கு என்று சொன்னேன். கேட்டவர்கள் சிரித்தார்கள், அவன் வளர்ந்தான். அந்த ரஷ்யக்காரிக்கு அது தெரியாது, சரி. அந்த டாக்டருக்குத் தெரியாதா? அவனையும் அவன் பாட்டி நாய்க்குட்டி என்றுதான் கூப்பிட்டிருப்பாள். தலையைக் குனிந்துகொண்டு ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் ரஷ்ய மொழியில் சொன்னான். அவள் எழுதினாள். அந்தக் குனிந்த தலையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இடது காதுக்குக் கீழே மரு இருக்கிறது.

முத்திரை குத்திக் கொடுத்தார்கள். மீரிம் படித்துக் காட்டினாள். கற்பிக்க இயலாதவர். பாட்டியால் முடியாமல் போகும்போது அரசு விடுதிக்குப் பரிந்துரை. படித்து முடித்துவிட்டு, "ஏன் பாட்டி?" என்று மட்டும் கேட்டாள். விளக்கம் சொன்னேன். "எனக்குத் தெரியும் பாட்டி. எங்க வீட்லயும் அப்படித்தான். ஆனா அவங்க முன்னாடி..." என்று நிறுத்திவிட்டாள்.

மாவு பிசையும்போது நான் சொன்னது உண்மைதான். உன்னைத்தான் சொன்னேன். பிசைந்த மாவு புளிக்காமல் போன கோபத்தில் சொன்னேன் என்று இப்போது சொன்னால் நம்புவாயா?

புருல்ச்சா

*

மாஸ்கோ
6 மே 2018

அத்தை,

திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. குடும்பத்தை விட்டு வந்தவளுக்கு அந்த உரிமையும் இல்லை.

மீரிம் டீச்சரிடம் பேசினேன். ஆகஸ்ட் கடைசிவரை மறுபரிசீலனை கேட்கலாமாம். நீங்கள் உங்கள் கையால், உண்மையை எழுதித் தந்தால் அவளே எடுத்துக்கொண்டு போய்ப் பேசுகிறேன் என்றாள். ஒரு இடத்தை இன்னும் நிரப்பவில்லையாம். "என்னால எவ்வளவு நாள் காப்பாத்தி வைக்க முடியும்னு தெரியல அக்கா" என்றாள்.

நான் வரமுடியாது. என் காகிதங்களில் ஏதோ தவறு என்று பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டார்கள். இந்த எல்லையைத் தாண்டினால் ஐந்து வருஷம் திரும்ப விடமாட்டார்கள். அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் எதைச் சாப்பிடுவீர்கள்?

அப்பாவின் கையெழுத்தும் இருந்தால் நல்லதாம். அதற்காகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்கமாட்டேன். அவர் இரண்டு வருஷமாக என்னோடு இல்லை. த்வேரில் வேறொரு வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டில் ஒரு குழந்தையும் இருக்கிறது. கையெழுத்து வேண்டும் என்று கேட்டேன். "அதுக்கு என்ன புரியப் போகுது" என்றார்.

கனிஷாய்

*

தாஷ்-கெச்சூ
26 ஆகஸ்ட் 2018

கனிஷாய்க்கு,

உன் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டு, பெற்ற மகனைப் பற்றிப் பொய் எழுதுகிறாள் என்று மூன்று மாதம் உன்மேல் கோபமாக இருந்தேன். எதையும் எழுதவில்லை. ஜூலை கடைசியில் அவனுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் கைக்குழந்தை அழுதது. தாலாய் வாங்கிப் பேசினான். "அம்மா, அது வந்து..." என்றான். வைத்துவிட்டேன். அவனுக்கு ரொட்டியின் மேல் கை வைக்கவில்லை. அதற்கும் அவன் லாயக்கில்லை.

அதன் பிறகு உட்கார்ந்து எழுதினேன். நான் நாலாம் வகுப்பு, பால்பண்ணையில் முப்பது வருஷம் மாடு கறந்த கை, எழுத்து சீக்கிரம் வராது. இருபது நாள் ஆயிற்று. கண் படாமலிருக்க ஆர்ச்சாச் செடியைக் கொளுத்திக் காகிதத்துக்குப் புகை காட்டினேன். பிள்ளையின் நெற்றியில் கரி வைத்தேன். அப்புறம்தான் முதல் வரி. உனக்காக இங்கே ஒரு பிரதி:

"செஸிம் தாலாய் மகள், ஒன்பதரை வயது. நாற்பத்தொன்றில் ஒன்று குறைந்தால் பார்த்தவுடன் தெரியும். வறட்டி அடுக்கினால் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் விரல் வித்தியாசம் இருக்காது, அதில் காற்றுப் போக இடமும் விட்டிருப்பாள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆட்டுமந்தை வரும்போது வாசலில் நிற்பாள், பக்கத்து வீட்டு ஆடு கலந்திருந்தால் காதைப் பிடித்து வெளியே இழுப்பாள். யார் எந்தக் கோப்பையில் குடித்தார்கள் என்று மறக்கமாட்டாள். இருக்கச் சொல்லவும் போகச் சொல்லவும் அவளுக்குத் தெரியும், டீயால் சொல்வாள். எனக்கு முழங்கால் வலிக்கும் நாளில் நான் எழுந்திருப்பதற்குமுன் தண்ணீர் வாளி அடுப்பருகே இருக்கும், எனக்கு வலிக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ரொட்டிக்கு மரியாதை தெரியும், தலைகீழாக வைக்கமாட்டாள். பொய் சொல்லத் தெரியாது. குழுவின் முன்னால் நான் சொன்னது என் பேத்தியைப் பற்றி அல்ல. அது எங்கள் பயத்தைப் பற்றி. புருல்ச்சா."

முதல் கேள்விக்கு இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். இரண்டாவது கேள்வியைக் காலியாக விட்டேன். அங்கே என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

போன வியாழக்கிழமை செஸிமைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அந்த வகுப்புக் கதவில் பூட்டு. உள்ளே ஆறு குட்டி நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், ஜன்னல் வழியாக எண்ணினேன். காவல்காரன் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"மீரிம் டீச்சரா? போயிட்டாங்களே பாட்டி. வகுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேற டீச்சர் கிடைக்கல."

"எங்கே போயிட்டா?"

"எல்லாரும் எங்கே போறாங்களோ அங்கேதான். எர்மெக் பஸ்ல."

எர்மெக்கைக் கேட்டேன். "ஆமா பாட்டி, போன வாரம் நான்தான் ஏத்திட்டுப் போனேன். ரெண்டு நாள் வழியெல்லாம் அழுதுட்டு வந்தாங்க, அப்புறம் தூங்கிட்டாங்க" என்றான். உன் கடிதம் கொண்டுவந்த அதே பஸ். அவள் மே மாதத்திலிருந்து எனக்காக ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தாள். நான் உன்னோடு கோபமாக இருந்தேன்.

இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு இங்கே நான் யாரிடம் போவது? அவளும் உன் ஊரில்தான் இருக்கிறாள். காகிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், தேடிப்பிடித்து அவளிடம் காட்டு. அவளைத் திட்டாதே. அவள் செருப்பை ஒழுங்காக வைப்பவள்.

புருல்ச்சா

*

மாஸ்கோ
9 செப்டம்பர் 2018

அத்தை,

கண்டுபிடித்துவிட்டேன். நகரத்துக்கு வெளியே ஒரு கிடங்கில் காய்கறி பொட்டலம் கட்டுகிறாள். இரண்டு நீளக் கையுறை, தலையில் நீலத் தொப்பி, முதலில் அடையாளம் தெரியவில்லை. இடைவேளை பதினைந்து நிமிஷம். படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

உங்கள் காகிதத்தைக் கொடுத்தேன். கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் வாங்கினாள். முன்பக்கம் படித்தாள், பின்பக்கம் படித்தாள், மறுபடி முன்பக்கத்துக்கு வந்தாள். வாளி வரியில் விரலை வைத்தாள்.

"அக்கா, எனக்கு நாலு வருஷம் காலேஜ்ல சொல்லிக்கொடுத்தாங்க. இப்படி ஒரு காகிதம் ஒருத்தரும் எழுதி நான் பாத்ததில்ல."

"இது ஏப்ரல்ல கிடைச்சிருந்தா?"

அவள் காகிதத்தை மடிக்க ஆரம்பித்தாள். நான் விடவில்லை. கேட்டிருக்கவேண்டாம்.

"முதல் பேரா அவ பேரைத்தான் எழுதியிருப்பாங்க. இந்தக் குளிர்காலத்துல எண்ண ஆரம்பிச்சிருப்பா. அடுத்த வருஷம் படிக்கிறதுக்குக்கூட..." என்று சொல்லி நிறுத்திவிட்டாள். "ஆனா வகுப்பு எப்படியும் மூடியிருப்பாங்க அக்கா. நானும் எப்படியும் வந்திருப்பேன்" என்றாள். எனக்கு ஆறுதலாகச் சொன்னாளா, தனக்கா, தெரியவில்லை.

மணி அடித்தது. எழுந்தவள் திரும்பி, "ரெண்டாவது கேள்வி காலியா இருக்கே. பாட்டிகிட்ட கேளுங்க. யாரும் படிக்கப்போறதில்லைன்னாலும் அதைக் காலியா விடக்கூடாது" என்றாள். உங்கள் வீட்டில் டீ பாதிக் கோப்பையாக இருந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. "அது ஏன்னு அன்னிக்கு எனக்குப் புரியல" என்றாள்.

அதனால் கேட்கிறேன். இன்னும் ஒரு வருஷத்தில் செஸிம் என்ன செய்யவேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்? நான் முன்னே எழுதியதை அழித்துவிட்டேன். அம்மா என்று அவள் யாரைச் சொல்வாள்?

கனிஷாய்

*

தாஷ்-கெச்சூ
23 செப்டம்பர் 2018

கனிஷாய்க்கு,

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

செஸிம் ஒரு வருஷத்தில் புதிதாக எதுவும் செய்யவேண்டாம். இப்போது செய்வதையே செய்தால் போதும். ஆசை எல்லாம் என்னைப் பற்றித்தான். எனக்கு எழுபத்திரண்டு. போன வாரம் முழங்காலோடு நெஞ்சும் சேர்ந்துகொண்டது. டவுன் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டான். பேத்தி இருக்கிறாள் என்றேன். அலமாரியிலிருந்து அந்த முத்திரைக் காகிதத்தை எடுத்துப் பார்த்து, விடுதியில் ஒரு படுக்கைக்கு இப்போதே பெயர் எழுதிவைக்கலாம் என்றான். மருவைப் பார்த்தபிறகுதான் அவன் யாரென்று தெரிந்தது. கோப்பையைத் தூக்கி அடித்திருப்பேன், கையில் கோப்பை இல்லை.

எழுதிக்கொள்: இன்னும் ஒரு வருஷம் புருல்ச்சா உயிரோடு இருக்கவேண்டும். முடிந்தால் அதற்கு அடுத்த வருஷமும். இதுதான் அந்த இரண்டாம் கேள்விக்குப் பதில். இதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கு நான் கேட்க எதுவும் இல்லை, தர எவனும் இல்லை.

ரொட்டியின் மேல் சொன்னதை எடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் பண்ணு. எடுத்து அவள் காதில் வைத்துவிட்டு நான் தொழுவத்துக்குப் போய்விடுவேன். நீ பேசு. எதையாவது பேசு. அவள் பதில் சொல்லமாட்டாள், எதிர்பார்க்காதே.

இந்தக் காகிதத்தை மீரிமுக்குக்கூடக் காட்டாதே. கண் படும்.

இன்று காலையும் எனக்குப் பாதிக் கோப்பைதான் ஊற்றினாள்.

புருல்ச்சா